சிஎஸ்சிஆர் வழக்கத்துக்கு மாறா வந்தா என்ன ஆகும்: எங்க அண்ணன் கண்ணு விஷயத்துல எல்லாரும் கேட்ட கேள்விகள்

எங்க அண்ணனுக்கு 44 வயசு, திருப்பூர்ல ஒரு டையிங் யூனிட்ல ஷேடு பாக்குற வேலை. 2023ல ரெண்டு கண்ணுலயும் ரெட்டினாவுக்கு அடியில தண்ணி கோத்து மேல் பாதி பார்வை இருட்டாயிடுச்சு, முதல்ல வேற நோயா இருக்கும்னு ஸ்டீராய்டு குடுத்தாங்க, அதுல இன்னும் மோசமாச்சு, அப்புறம்தான் இது சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி, சுருக்கமா சிஎஸ்சிஆர், அதுலயும் அபூர்வமா வர்ற வகைன்னு தெரிஞ்சுது. அதுல இருந்து சொந்தக்காரங்க, அண்ணன்கூட வேலை பாக்குறவங்க, ஆஸ்பத்திரில பக்கத்து சேர்ல உக்காந்திருந்தவங்கன்னு ஆளாளுக்கு என்கிட்ட கேட்டுட்டே இருக்காங்க. நான் டாக்டர் இல்லைங்க. ஒவ்வொரு தடவையும் அண்ணன்கூட போனவ, டாக்டர்கிட்ட விடாம கேட்டவ, கிடைச்சதை எல்லாம் படிச்சவ, அவ்வளவுதான். தெரிஞ்சதை ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன்.

சிஎஸ்சிஆர்னா என்னங்க, புரியுற மாதிரி சொல்லுங்க?

மழைக்காலத்துல சுவத்துல ஓதம் ஏறி பெயின்ட் உப்பிக்கிட்டு நிக்கும் பாத்திருப்பீங்க, கிட்டத்தட்ட அதேதான் கண்ணுக்குள்ள நடக்குது. பெயின்ட் இருக்குற இடத்துல ரெட்டினா, அதாவது விழித்திரை, அதுதான் வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்புது. அதுக்கு அடியில பூச்சு மாதிரி ஒரு மெல்லிசான அடுக்கு இருக்கு, தண்ணி மேல வராம தடுக்குறதும் வந்த தண்ணிய பம்ப் பண்ணி வெளிய தள்ளுறதும் அதோட வேலை. அதுக்கும் பின்னாடி கோராய்டுன்னு ரத்தக்குழாயா நிறைஞ்ச ஒரு அடுக்கு. இந்த நோய்ல கோராய்டு தடிச்சு, குழாய்லாம் வீங்கி, அதுல இருந்து தண்ணி கசிய ஆரம்பிக்குது. அந்த அழுத்தம் தாங்காம நடுவுல இருக்குற பூச்சுல ஒரு இடம் விட்டுக்கொடுத்துடுது, தண்ணி அது வழியா ஏறி ரெட்டினாவை உப்ப வெச்சிடுது. பெரும்பாலும் இது மேக்குலாவுல, அதாவது நாம நேரா பாக்க, படிக்க, முகம் அடையாளம் தெரிஞ்சுக்க பயன்படுத்துற நடு இடத்துல வர்றதால பேர்ல சென்ட்ரல்னு வந்துச்சு.

இது புது நோயும் இல்ல, 1866லயே ஜெர்மனில ஆல்பிரெக்ட் வான் கிராஃபேன்னு ஒரு கண் டாக்டர் இதைப் பத்தி எழுதிட்டாரு.

பொதுவா இது எப்படி தெரியும்?

வழக்கமா ஒரு கண்ணுலதான். பாக்குற இடத்துக்கு நடுவுல ஒரு ரூபா காசு அளவுக்கு சாம்பல் கலர்ல ஒரு மறைப்பு, நேர் கோடு வளைஞ்சு தெரியும், அந்தக் கண்ணுல மட்டும் பொருள் எல்லாம் கொஞ்சம் சின்னதா தெரியும், கலர் வெளுத்துத் தெரியும். வலி இருக்காது, கண்ணு சிவக்காது, அதனாலயே நிறைய பேரு கண்ணாடி பவர் மாறிடுச்சுன்னு நினைச்சு விட்டுடுறாங்க. தண்ணி ரெட்டினாவை முன்னாடி தள்ளுறதால கொஞ்ச நாளைக்கு பிளஸ் பவர் போட்டா நல்லா தெரியக்கூட செய்யும், அதனால கண்ணாடி கடையிலயே விஷயம் முடிஞ்சு போற ஆளுங்களும் உண்டு.

30ல இருந்து 50 வயசுக்குள்ள ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். அமெரிக்கால மின்னசோட்டா மாநிலத்துல ஒரு மாவட்டத்துல 1980ல இருந்து 2002 வரைக்கும் கணக்கு எடுத்ததுல வருஷத்துக்கு லட்சம் ஆம்பளைங்கள்ல 9.9 பேரு, லட்சம் பொம்பளைங்கள்ல 1.7 பேருன்னு வந்துச்சு, கிட்டத்தட்ட ஆறு மடங்கு. இந்த சாதாரண வகைல நிறைய பேருக்கு மூணு நாலு மாசத்துல தானாவே வத்திடும்.

அப்ப "வழக்கத்துக்கு மாறா"ன்னு சொல்றீங்களே, அது எது?

நடுவுல காசு அளவுக்கு நிக்க வேண்டிய தண்ணி அளவு மீறி ஊறி, புவியீர்ப்புல கீழ இறங்கி, ரெட்டினாவோட கீழ்ப்பாதியே பலூன் மாதிரி உப்பி கழண்டு நிக்கும். இதை புல்லஸ் சிஎஸ்சிஆர்னு சொல்றாங்க, புல்லான்னா கொப்புளம். அமெரிக்கால மியாமில இருந்த டொனால்ட் கேஸ்ன்னு ரெட்டினா டாக்டர் 1973ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, தலைப்புலயே இது சிஎஸ்சிஆரோட வழக்கத்துக்கு மாறான வெளிப்பாடுன்னு வெச்சிருந்தாரு. பெரும்பாலும் ரெண்டு கண்ணுலயும் வரும், கசியுற இடமும் ஒண்ணு ரெண்டோட நிக்காது, பல இடத்துல இருக்கும். கசியுற இடத்தைச் சுத்தி வெள்ளையா மஞ்சளா ஃபைப்ரின்னு சொல்ற ஒரு படிவு கூட சேரும், அதைப் பாத்து இன்ஃபெக்‌ஷனோ கட்டியோன்னு சந்தேகப்படுற அளவுக்கு இருக்கும்.

இது தவிர கர்ப்பிணிங்களுக்கு வர்றது, 60 தாண்டினவங்களுக்கு வர்றது எல்லாமும் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், கீழ சொல்றேன்.

உங்க அண்ணனுக்கு எப்படி ஆரம்பிச்சுது?

துணில ஆரம்பிச்சுது. ஷேடு பாக்குறவங்க லைட் பாக்ஸ்ல ரெண்டு துண்டு துணிய பக்கத்துல பக்கத்துல வெச்சு கலர் ஒத்து வருதான்னு பாப்பாங்க, மெரூன்ல ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் அண்ணன் சொல்லிடும், இருபது வருஷ அனுபவம். அப்படிப்பட்ட ஆளு தை மாசம் ரெண்டு லாட்டை சரின்னு விட்டுட்டு, பார்ட்டி திருப்பி அனுப்பின அப்புறம் ஒத்தக் கண்ணை மூடிப் பாத்திருக்கு, இடது கண்ணுல சிவப்பு எல்லாம் காவி மாதிரி தெரிஞ்சிருக்கு. நைட் ஷிஃப்ட் அசதின்னு யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு மாசம் போச்சு. அப்புறம் வலது கண்ணுலயும் வந்து, ஒரு நாள் காலைல எந்திரிச்சு உக்காந்தப்ப எதிர்ல இருக்குற காலண்டர் கூட தெரியல, எந்திரிச்சு நடமாடி ஒரு மணி நேரம் ஆன பிறகு நடுவுல கொஞ்சம் தெளிஞ்சுது, ஆனா மேல இருந்து கருப்பா ஒரு திரை இறங்கின மாதிரி நின்னுடுச்சு.

காலைல மோசமாவும் நிக்க நிக்க நடுப்பார்வை தேறுறதும் ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. படுத்திருக்கும்போது தண்ணி கண்ணோட பின்பக்கம் மேக்குலாவுக்கு வந்துடுது, எந்திரிச்சா கீழ இறங்கிடுது. ரெட்டினால கீழ்ப்பக்கம் கழண்டா மேல் பக்கம் பார்வை மறையும், கண்ணுக்குள்ள படம் தலைகீழா விழுறதால. யாருக்காவது இப்படி படுத்தா ஒரு மாதிரி நின்னா ஒரு மாதிரி பார்வை மாறுதுன்னா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, அது பெரிய துப்பு.

முதல்ல என்ன நோய்னு சொன்னாங்க? டாக்டர் தப்பு பண்ணிட்டாரா?

வோக்ட் கோயனாகி ஹராடான்னு ஒரு நோய், வி.கே.எச்.னு சொல்லுவாங்க. அதுல உடம்போட எதிர்ப்பு சக்தியே கண்ணுல இருக்குற நிறமி செல்லைத் தாக்குது, கோராய்டு வீங்குது, ரெண்டு கண்ணுலயும் ரெட்டினாவுக்கு அடியில தண்ணி கோக்குது. நம்மள மாதிரி ஆசியாக்காரங்களுக்கு அது அதிகமா வர்ற நோய். அதுக்கு வைத்தியம் அதிக டோஸ் ஸ்டீராய்டு, அதுவும் சீக்கிரம், லேட் பண்ணா பார்வை போயிடும். ரெண்டு கண்ணுலயும் தண்ணியோட ஒருத்தர் வந்து நின்னா டாக்டருக்கு அந்த நினைப்பு வர்றது நியாயம்தான், நான் அவர் மேல கோபமா இல்ல, கோபமா இருந்த மாசங்களும் உண்டு, ஆனா இப்ப புரியுது.

அண்ணனுக்கு மூணு நாள் ட்ரிப்ல ஸ்டீராய்டு ஏத்தினாங்க, அப்புறம் தினமும் மாத்திரை. வி.கே.எச்.சா இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல வத்த ஆரம்பிச்சிருக்கணும். இங்க மூணாவது வாரம் வலது கண்ணுல கை விரலை எண்ண முடியல. எங்க அண்ணி கையப் பிடிச்சுத்தான் பாத்ரூம் கூட்டிட்டு போவாங்க. டோஸ் பத்தலையோன்னு ஏத்தலாம்னு பேச்சு வந்தப்பதான் நாங்க இன்னொரு இடத்துக்கு போனோம்.

ரெண்டையும் எப்படி பிரிச்சு கண்டுபிடிக்கிறாங்க?

வி.கே.எச்.ல வீக்கம், அழற்சி இருக்கும். தலைவலி, கழுத்து விறைப்பு, காதுல ஙொய்யுன்னு சத்தம், வெளிச்சம் பட்டா கண்ணு கூசுறது, கண்ணு சிவக்குறது, கொஞ்ச மாசம் போன பிறகு இமை முடி தலை முடி வெளுக்குறது, தோல்ல வெள்ளைத் திட்டு வர்றது இதெல்லாம் சேர்ந்து வரும். கண்ணுக்குள்ள அழற்சி செல்கள் மிதக்குறது ஸ்லிட் லேம்ப்னு கண்ணைப் பெருசாக்கிப் பாக்குற மெஷின்ல தெரியும். சிஎஸ்சிஆர்ல இது எதுவும் இருக்காது, கண்ணு வெளியே பாக்க அவ்வளவு சாந்தமா இருக்கும், உள்ள மட்டும் தண்ணி.

அப்புறம் ஸ்கேன். ஓசிடின்னு ஒண்ணு, தொடாம ஊசி போடாம ரெண்டு நிமிஷத்துல ரெட்டினாவை வெட்டின கேக் மாதிரி அடுக்கு அடுக்கா காட்டும். ரெண்டு நோயிலயும் கோராய்டு தடிமனாத்தான் இருக்கும், அதனால அது ஒண்ணை வெச்சு முடிவு பண்ண முடியாது. ஃப்ளூரசின் ஆஞ்சியோல கைல மஞ்சள் சாயம் ஊசி போட்டு கண்ணை போட்டோ எடுப்பாங்க, சிஎஸ்சிஆர்ல சாயம் ஒரு புள்ளில இருந்து மை சிந்தின மாதிரி பரவும், சிலருக்கு புகைக்கூண்டுல புகை கிளம்புற மாதிரி மேல ஏறும். வி.கே.எச்.ல குண்டூசி முனை மாதிரி நூத்துக்கணக்குல சின்னப் புள்ளிங்க, கண் நரம்பு தலைப்பும் கசியும். அந்த சாயம் போட்டா ஒரு நாளைக்கு தோல் லேசா மஞ்சளாகும், ஒண்ணுக்கும் ஆரஞ்சு கலரா போகும், மஞ்சக்காமாலைன்னு பயந்துடாதீங்க, எங்க அம்மா பயந்துட்டாங்க.

ஐசிஜின்னு பச்சை சாயம் போடுற இன்னொரு ஆஞ்சியோ இருக்கு, அது கோராய்டு குழாயைக் காட்டும். அண்ணன் கேஸ்ல முடிவு தெரிஞ்சது அதுலதான், குழாயெல்லாம் வீங்கி கசியுறது பளிச்சுன்னு இருந்துச்சு. கூடவே பழைய தண்ணி கீழ ஒழுகி ஒழுகி விட்ட தடமும் சாயம் போடாம எடுக்குற ஆட்டோஃப்ளூரசன்ஸ்ங்குற போட்டோல தெரிஞ்சுது. சுவத்துல தண்ணி வடிஞ்ச கறை மாதிரியே இருக்கும். அதாவது இது புதுசு இல்ல, அண்ணனுக்கே தெரியாம ரொம்ப நாளா இருந்திருக்கு.

கட்டி எதுவும் இல்லைன்னு உறுதி பண்ண கண்ணுக்கு பி ஸ்கேன்னு அல்ட்ராசவுண்டும் எடுத்தாங்க.

ஸ்டீராய்டு கண்ணுக்கு நல்லதுதானே, எல்லா வீக்கத்துக்கும் அதைத்தானே குடுக்குறாங்க, இதுக்கு மட்டும் ஏன் ஆகாது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவும் எழுதுறேன். சிஎஸ்சிஆர் அழற்சி நோய் கிடையாது. கோராய்டு குழாயோட நோய். ஸ்டீராய்டு, அது உடம்பே சுரக்குற கார்டிசோலா இருந்தாலும் சரி வெளிய இருந்து போறதா இருந்தாலும் சரி, அந்தக் குழாய்ங்களை இன்னும் கசிய வைக்குது, கிழிஞ்ச பூச்சு ஆறுறதையும் தடுக்குது. உடம்புலயே கார்டிசோல் அதிகமா சுரக்குற குஷிங் நோய்க்காரங்களுக்கு சிஎஸ்சிஆர் வர்றது இதனாலதான். மேல சொன்ன டொனால்ட் கேஸ்ங்குற டாக்டரே 1995ல இன்னொருத்தரோட சேர்ந்து எழுதின கட்டுரைல, சிஎஸ்சிஆர் இருக்குறவங்களுக்கு ஸ்டீராய்டு குடுத்து ரெண்டு கண்ணுலயும் ரெட்டினா கொப்புளமா கழண்டதைத்தான் சொல்லியிருக்காரு. எங்க அண்ணனுக்கு ஆனது அப்படியே அதுதான்.

ஆக ஒரே மாதிரி தெரியுற ரெண்டு நோய், ஒண்ணுக்கு மருந்தா இருக்குறது இன்னொண்ணுக்கு விஷமா இருக்கு.

ஆனா அண்ணன் முன்னாடி ஸ்டீராய்டே எடுத்ததில்லையே?

நாங்களும் அப்படித்தான் சொன்னோம். முதல் ஆஸ்பத்திரில "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டப்ப அண்ணன் "இல்லைங்க"ன்னு சொல்லிடுச்சு, பொய் சொல்லல, மனசார அப்படித்தான் நம்புச்சு. ரெண்டாவது இடத்துல டாக்டரம்மா வேற மாதிரி கேட்டாங்க. "மூக்குக்கு ஏதாவது அடிக்கிறீங்களா சார்?" "ஆமாங்க மேடம், அது மருந்து இல்லீங்க, டையிங்ல நெடிக்கு மூக்கு அடைச்சுக்கும், அதுக்கு ஸ்ப்ரே." "எத்தனை வருஷமா?" "மூணு வருஷமா இருக்கும்ங்க." "முதுகுவலி முட்டிவலிக்கு ஊசி?" அப்பதான் அண்ணி ஞாபகப்படுத்தினாங்க, போன வருஷம் இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்குற வலிக்கு முதுகுத்தண்டுல ரெண்டு தடவை ஊசி போட்டது. "தோலுக்கு?" தொடையிடுக்குல அரிப்புக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கின ட்யூப், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. மூணும் ஸ்டீராய்டு. அந்த ரூம்ல எங்க யாருக்கும் பேச்சு வரல.

என்னென்ன பொருள்ல ஸ்டீராய்டு இருக்கும்?

மாத்திரை, ஊசி மட்டும் இல்லைங்க. ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, தோல் க்ரீம், தோள்பட்டைக்கும் முட்டிக்கும் மூட்டுக்குள்ள போடுற ஊசி, முதுகுத்தண்டு ஊசி, சில கண் சொட்டு மருந்துன்னு எல்லா வழிலயும் போகும், எல்லா வழிலயும் சிஎஸ்சிஆர் வந்ததா பதிவாகியிருக்கு. எல்லாருக்கும் வராது, லட்சக்கணக்கான பேரு ஸ்ப்ரே அடிக்கிறாங்க அவங்களுக்கு ஒண்ணும் ஆகுறதில்ல, ஆனா ஏற்கனவே கோராய்டு தடிச்சு இருக்குறவங்களுக்கு இது ஒரு தள்ளு தள்ளிடும்.

ட்யூப்ல பேர் பாருங்க, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இதெல்லாம் ஸ்டீராய்டு. முகம் வெளுக்கும்னு பொண்ணுங்க போடுற சில க்ரீம்லயும் இதுதான் இருக்கு. 2018ல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு, ஆனா நம்ம ஊர்ல கேட்டா எடுத்துக் குடுக்குறாங்க. பசி எடுக்க, உடம்பு ஏற, மூட்டுவலி ஒரே நாள்ல போகன்னு பேர் இல்லாத பொட்டலத்துல வர்ற மாத்திரை, நாட்டு மருந்துன்னு விக்கிற சில பொடி, இதுலயும் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கு. லேபிள் இல்லாத எதையும் நம்பாதீங்க.

அப்ப இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திடவா?

வேண்டாம்! தயவு செஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க. மூணு வாரத்துக்கு மேல ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவங்க உடம்பு சொந்தமா கார்டிசோல் சுரக்குறதைக் குறைச்சிருக்கும், திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்துமாகாரங்க இன்ஹேலரை நிறுத்தினா மூச்சே திணறிடும். கண் டாக்டரும் அந்த மருந்தை எழுதின டாக்டரும் பேசி படிப்படியா குறைக்கணும். அண்ணனுக்கும் அப்படித்தான் குறைச்சாங்க, மூக்கு ஸ்ப்ரேயும் தோல் ட்யூபும் மட்டும் அன்னைக்கே நிப்பாட்டி வேற குடுத்தாங்க.

ரெட்டினா கழண்டுடுச்சுன்னா ஆபரேஷன்தானே பண்ணணும்?

எல்லாம் ஒண்ணு கிடையாது. அடிபட்டோ அதிக மைனஸ் பவராலயோ ரெட்டினால ஓட்டை விழுந்து, அது வழியா தண்ணி உள்ள போய் கழண்டா அதுக்கு அவசர ஆபரேஷன். இதுல ஓட்டை இல்ல, பின்னாடி இருந்து ஊறுன தண்ணி. கசிவு நின்னா அதுவே ஒட்டிக்கும், பொதுவா ஆபரேஷன் தேவைப்படாது. அதனால ஓட்டை இருக்கா இல்லையான்னு கண்ணு பாப்பா விரிய சொட்டு மருந்து ஊத்தி ஓரம் வரைக்கும் பாக்குறது ரொம்ப முக்கியம், அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அன்னைக்கு வண்டி ஓட்டிட்டு போகாதீங்க.

வைத்தியம் என்ன?

முதல் வைத்தியம் ஸ்டீராய்டை எடுக்குறது. புதுசா வந்த சாதாரண வகைன்னா மூணு நாலு மாசம் பொறுத்துப் பாப்பாங்க. "ஒண்ணுமே பண்ண மாட்டேங்குறாங்க"ன்னு நினைக்காதீங்க, காத்திருக்குறதும் இங்க வைத்தியம்தான்.

கசியுற புள்ளி மேக்குலா நடுவுல இருந்து தள்ளி இருந்தா சாதா லேசர்ல அதை அடைச்சிடலாம், பூச்சுல இருக்குற வெடிப்புக்கு சிமெண்ட் வெக்கிற மாதிரி. நடுவுக்குக் கிட்ட இருந்தாலோ பல இடத்துல இருந்தாலோ ஃபோட்டோடைனமிக் தெரபி, சுருக்கமா பிடிடி. வெர்டிபோர்ஃபின்னு ஒரு மருந்தை கைல ஏத்தி கண்ணுக்கு சூடு இல்லாத சிவப்பு லேசர் காட்டுவாங்க, 83 செகண்டு. வெடிப்பை விட்டுட்டு பின்னாடி இருக்குற குழாயோட வேகத்தையே இது குறைக்குது. வழக்கமான டோஸ்ல பாதியே இதுக்குப் போதும். 2018ல வந்த ப்ளேஸ்ங்குற ஆய்வுல நாள்பட்ட சிஎஸ்சிஆர்காரங்களுக்கு பாதி டோஸ் பிடிடியையும் விட்டு விட்டு அடிக்கிற மைக்ரோபல்ஸ் லேசரையும் ஒப்பிட்டாங்க, ஏழெட்டு மாசத்துல பிடிடி பண்ணவங்கள்ல 67 சதவீதம் பேருக்கு தண்ணி முழுசா வத்துச்சு, மைக்ரோபல்ஸ்ல 29 சதவீதம்தான். பிடிடி முடிஞ்சு ரெண்டுல இருந்து அஞ்சு நாளைக்கு வெயில் படக்கூடாது, தோல் வெந்துடும், அண்ணன் முழுக்கை சட்டை, தொப்பி, கூலிங் கிளாஸோட ஜன்னலை மூடிட்டு உக்காந்திருந்துச்சு. ஒரே பிரச்சனை, அந்த மருந்துக்கு 2021ல இருந்து உலகம் முழுக்க தட்டுப்பாடு இருந்துச்சு, எங்களுக்கும் ஏழு வாரம் காத்திருந்துதான் கிடைச்சுது.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, கண்ணுக்குன்னே இருக்குற உலகத்தோட ரொம்ப பழைய ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு, காசு இல்லைன்னு யாரும் பாக்காமலே இருந்துடாதீங்க.

மாத்திரை இருக்கா? கேரட், கண்ணுல ஊசி?

எப்ளெரினோன்னு ஒரு மாத்திரைய பல வருஷம் எழுதிட்டு இருந்தாங்க. 2020ல பிரிட்டன்ல விசின்னு ஒரு ஆய்வு முடிவு வந்துச்சு, 114 பேரை வெச்சு ஒரு வருஷம் பாத்ததுல வெறும் மாவு மாத்திரைய விட அது எந்த விதத்துலயும் மேல இல்ல. 2022ல வந்த ஸ்பெக்ட்ரா ஆய்வுல மூணு மாசத்துல பிடிடி பண்ணவங்கள்ல 78 சதவீதம் பேருக்கு தண்ணி வத்துச்சு, எப்ளெரினோன்ல 17 சதவீதம். அப்புறமும் அதை எழுதினா ஏன்னு மரியாதையா கேளுங்க, பொட்டாசியம் பாக்க ரத்த டெஸ்ட்டும் வேணும். கேரட் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது, ஆனா அந்தக் கசிவை அடைக்காது. கண்ணுக்குள்ள போடுற ஊசி, புது ரத்தக்குழாய் முளைச்சிருந்தா மட்டும்.

டென்ஷனாலதான் வருதுன்னு சொல்றாங்களே?

தொடர்பு இருக்கு. 1987ல யானுஸின்னு நியூயார்க் டாக்டர், எதுலயும் அவசரம், போட்டி, பொறுமையில்லாம இருக்குற ஆளுங்களுக்கு இது அதிகமா வருதுன்னு எழுதினாரு. தூக்கம் கெடுறது, குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்ற நோய் இதெல்லாமும் சேர்த்து சொல்றாங்க. ஆனா "உன் டென்ஷனாலதான் உனக்கு வந்துச்சு"ன்னு நோயாளிகிட்ட தயவு செஞ்சு சொல்லாதீங்க. அண்ணனை அப்படி சொன்னவங்க நிறைய பேரு, அதுலயே அண்ணன் பாதி உடைஞ்சு போச்சு. நைட் ஷிஃப்ட்ட மாத்திக் குடுங்க, கடன்காரன் போனை நீங்க எடுங்க, அது உதவி.

கர்ப்பமா இருக்கேன், கடைசி மூணு மாசம், ஒரு கண்ணு நடுவுல மங்கலா இருக்கு. இதுவா இருக்குமா?

இருக்கலாம். கர்ப்பத்துல சிஎஸ்சிஆர் பெரும்பாலும் அந்த கடைசி மூணு மாசத்துலதான் வருது, வெள்ளையா ஃபைப்ரின் படியுறதும் அதுல அதிகம். பிரசவம் ஆகி சில மாசத்துல பெரும்பாலானவங்களுக்கு தானா சரியாயிடுது. ஆனா முதல்ல பிபி பாருங்க! கர்ப்பத்துல பிபி ஏறினாலும் ரெட்டினாவுக்கு அடியில தண்ணி கோக்கும், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அன்னைக்கே பிரசவ டாக்டரைப் பாக்கணும், நாளைக்குன்னு தள்ளக் கூடாது.

கிட்னி மாத்தினவங்க ஸ்டீராய்டை நிறுத்தவே முடியாதே?

உண்மை. உறுப்பு மாத்தினவங்களுக்கும் டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கும் இந்த கொப்புள வகை வந்ததா பதிவு இருக்கு. கிட்னி டாக்டர் சொல்லாம ஒரு மில்லிகிராம் கூட குறைக்கக் கூடாது. கிட்னி டாக்டரும் கண் டாக்டரும் பேசி குறைக்க முடிஞ்ச வரைக்கும் குறைச்சு, கண்ணுக்கு லேசர், பிடிடின்னு போவாங்க.

எங்க அப்பாவுக்கு 66 வயசு, வயசான மேக்குலா நோய்னு மாசாமாசம் கண்ணுல ஊசி போடுறாங்க, தண்ணி வத்தவே இல்ல.

சிலருக்கு அது சிஎஸ்சிஆரா இருந்துடும். ரெண்டும் ஓசிடில கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், கோராய்டு தடிமன் பாத்து, ஐசிஜி எடுத்துப் பிரிக்கணும். டாக்டரை மாத்துறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே "ஐசிஜி எடுத்துப் பாக்கலாமா சார்"னு கேளுங்க.

போன் பாக்கலாமா, வண்டி ஓட்டலாமா?

போனால இது வராது, பாத்தா கூடவும் செய்யாது. வண்டி, ரெண்டு கண்ணுலயும் இருந்தாலோ ஓரப்பார்வை மறைஞ்சாலோ வேண்டாம், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும்.

பார்வை முழுசா திரும்புமா? திரும்பவும் வருமா?

சாதாரண வகைல நிறைய பேருக்கு போர்டுல கடைசி வரி படிக்கிற அளவுக்கு திரும்பிடும், ஆனா கலர், மங்கின வெளிச்சத்துல தெளிவு, இதுல ஒரு குறை மிஞ்சலாம், அதை எழுத்துப் பலகை காட்டாது. மூணுல ஒருத்தருக்காவது திரும்ப வருது. தண்ணி மாசக்கணக்குல நின்னா மேல இருக்குற பார்வை செல்லே பட்டினி கிடந்து செத்துடும், அதனாலதான் நாள்பட்டதை சும்மா விடக்கூடாதுன்னு சொல்றாங்க.

வீட்ல கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒரு பக்கத்துல நடுவுல ஒரு புள்ளி வெச்சு சுவத்துல ஒட்டிடுங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் ஒவ்வொரு கண்ணா மூடி புள்ளிய பாருங்க, கோடு வளைஞ்சாலோ கட்டம் மறைஞ்சாலோ அந்த வாரமே போங்க. ரெண்டு கண்ணையும் திறந்து பாத்தா நல்ல கண்ணு கெட்ட கண்ணை மறைச்சிடும்.

டாக்டர்கிட்ட போறப்ப என்ன எடுத்துட்டு போகணும்?

ஒரு மஞ்சப்பை. வீட்ல இருக்குற மாத்திரை, ட்யூப், ஸ்ப்ரே, இன்ஹேலர், சொட்டு மருந்து, நாட்டு மருந்து, ஜிம்ல குடுத்த டப்பா, தீர்ந்து போன காலி ட்யூப் உட்பட எல்லாத்தையும் அதுல போட்டு மேசைல கொட்டுங்க. ரெண்டு வருஷத்துல எங்க எங்க ஊசி போட்டீங்கன்னு ஒரு சீட்டுல எழுதுங்க, ஊசி போட்ட டாக்டர் சீட்டு இருந்தா அதையும். ஆம்பளைங்க, தாம்பத்தியத்துக்கு எடுக்குற மாத்திரையும் சொல்லணும், அதுல சிலதுக்கும் இதுக்கும் தொடர்பு சந்தேகப்படுறாங்க, மனைவி பக்கத்துல இருந்தா கூச்சமா இருக்கும்னா டாக்டர்கிட்ட தனியா பேசணும்னு கேளுங்க. யாராவது உங்களுக்கு கண்ணுல தண்ணின்னு ஸ்டீராய்டு ஆரம்பிச்சா "சிஎஸ்சிஆர் இல்லைன்னு பாத்துட்டீங்களா டாக்டர்"னு ஒரு வார்த்தை கேளுங்க, நல்ல டாக்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

அண்ணன் இப்ப எப்படி இருக்கு?

ஸ்டீராய்டை முழுசா நிறுத்தி ரெண்டு மாசத்துல மேல இருந்த திரை ஏற ஆரம்பிச்சுது, நாலு மாசத்துல வலது கண்ணு ரெட்டினா முழுசா ஒட்டிடுச்சு. இடதுல நடுவுல தண்ணி பிடிவாதமா நின்னதால பிடிடி பண்ணோம், அதுவும் வத்துச்சு. இப்ப பார்வை வலது 6/9, இடது 6/18 (6/6னா முழுப் பார்வை). இடதுல சிவப்பு இன்னமும் காவிதான். மறுபடி வேலைக்குப் போகுது, பகல் ஷிஃப்ட் மட்டும், ஷேடு வலது கண்ணுல பாத்துட்டு அடர் கலருக்கு மட்டும் பக்கத்துல இருக்குற தம்பிய ஒரு தடவை பாக்கச் சொல்லுது. மூக்கு அடைச்சா உப்புத்தண்ணி விட்டுக் கழுவுது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஓசிடி, அடுத்தது ஐப்பசில, நான்தான் கூட போறேன்.